பூஞ்சை காணப்படவில்லை

எங்கள் பக்கத்து ஜனங்களோடு எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். ஏதோ நாலு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் போலச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துவைத்த துணி உடுத்தி, கழுத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வருவார்கள். டாக்டர் தொட்டுப் பார்ப்பாரே, அழுக்கோடு போய் நிற்கலாமா என்ற மரியாதை. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வருகிறவர்கள் அப்படி வந்தால் எனக்கென்ன வந்தது? படை வந்தவர்கள் அப்படி வந்தால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஏனென்றால் எனக்கு வேண்டியது அந்த அழுக்குத்தான். சங்ககிரியில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி எல்லாம் என் கையில் வரும். சித்திரை பிறந்துவிட்டால் கூடவே படையும் வரும். அது தோலில் வட்டமாகப் படரும். நடுவில் ஆறிவிட்டதுபோலத் தோன்றும். ஓரம் மட்டும் சிவந்து தடித்துப் பொடிப்பொடியாகச் செதில் விடும். பூஞ்சை மேய்ந்துகொண்டிருப்பது அந்த ஓரத்தில்தான். மழுங்கிய பிளேடால் அங்கே மெல்லச் சுரண்டி, உதிர்கிற செதிலைக் ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஏந்தி, ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டுக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். தோல் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கணுக்கணுவாகக் கிளைவிட்டு ஓடும். தேய்த்துக் குளித்து, மேலே மருந்தையும் தடவிக்கொண்டு வருகிறவர்கள் அந்தச் செதிலைத்தான் சாக்கடையில் விட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் நான் எதைச் சுரண்டுவது?

இந்தச் சண்டையில் நியாயம் முழுக்க என் பக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் ஒரு லாரி டிரைவர்.

நல்ல வெயில் காலம், மத்தியான நேரம். கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தார். டாக்டர் எழுதிய சீட்டோடு அந்த டிரைவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குஜராத் பக்கம் லோடு ஏற்றிப் போய் வருகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஆளுக்கு முன்னால் சோப்பு வாசனை வந்தது. சீட்டில் ‘இடுப்பு, இரண்டு தொடையிடுக்கும், சுரண்டிப் பார்க்கவும்’ என்று இருந்தது.

“எங்கேங்க இருக்குது, காட்டுங்க” என்றேன்.

அவர் சட்டையைத் தூக்கி, இடுப்பில் அரைஞாண்கயிறு ஓடுகிற இடத்தை மட்டும் காட்டினார். “இங்கதானுங்க மேடம்.”

“வேற எங்கயாச்சும்?”

“இல்லீங்க. இவ்வளவுதானுங்க.”

சீட்டு என் கையில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஓர் ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்து ‘கீழேயும் காட்டுங்க’ என்று சொல்ல இன்னும் வாய் வராது. கம்பவுண்டர் வருகிற வரைக்கும் அரை மணி நேரம் உட்காருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் மறைத்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று. அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு மறைக்கிறவன் எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தானோ என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. லாரிக்காரர்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சை நானும் கேட்டுத்தானே வளர்ந்தேன்.

கறுப்புக் கயிறு ஈரமாக இருந்தது. கையுறை போட்ட விரலால் அதை ஒதுக்கிவிட்டு, வழுவழுவென்று இருந்த தோலில் சுரண்டினேன். பேருக்குக் கொஞ்சம் வந்தது. இன்றைக்கு என்ன தடவினீர்கள், எப்போது குளித்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். அன்றைக்குக் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், ஒன்றும் தென்படவில்லை. ‘பூஞ்சை காணப்படவில்லை’ என்பதை வழக்கம்போல இங்கிலீஷில் டைப் அடித்து, டாக்டருக்கு ஒரு பிரதியும் டிரைவருடைய வாட்ஸப்புக்கு ஒன்றும் அனுப்பினேன். அவரிடமிருந்து கும்பிடு போடுகிற படம் மூன்று வந்தது. டாக்டர் என் பேப்பரை நம்பி அலர்ஜிக்கு மாத்திரையும் ஒரு ஆயின்மெண்டும் எழுதிக் கொடுத்தார். படைக்கு அந்த ஆயின்மெண்ட் தடவுவது ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது மாதிரி, அரிப்பு அடங்கும், உள்ளே கொழுத்துப் படரும். ஆனால் அதைத் தடுக்கத்தானே நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை, லேப் கதவைத் திறக்கும்போதே ஒரு பெண் வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதை எழுதுனது நீங்கதானுங்களா?”

போனில் என் ரிப்போர்ட். அந்த டிரைவருடைய பெயர்.

“நான் அவரு சம்சாரமுங்க. வெண்ணந்தூர்ல எங்கம்மா ஊட்டுல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதுமுங்க. படை இல்லீன்னு எழுதியிருக்கீங்க. படை இல்லீன்னா வேற என்னுங்க அது?”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். புருஷனுக்குத் தொடையிடுக்கில் வந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. போகிற இடத்தில் எவளிடமோ வாங்கி வந்த சீக்கு என்று மனசில் விழுந்துவிட்டது, கேட்டும் விட்டாள். எவகிட்ட இருந்து வந்துச்சு என்று நேராகவே கேட்டிருக்கிறாள். அவர் சத்தியம் செய்தார். பகலெல்லாம் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறேன், வேர்வையில் வந்த வெறும் படை என்றார். வெறும் படைதான் என்றால் டெஸ்ட் எடுத்துக் காட்டு என்று சொல்லிவிட்டாள். அவரும் எடுத்தார். எடுத்துத்தான் என் பேப்பரை அவளுக்கு அனுப்பினார். கூடவே, ‘நெகட்டிவ். ஒண்ணும் இல்ல. இப்பவாச்சும் நம்பு’ என்று ஒரு செய்தி.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் எந்த டெஸ்டிலும் நெகட்டிவ் என்றால் நல்ல சேதி. வெளியே போய் டீயும் வடையும் வாங்கித் தருவார்கள். அந்த மனுஷர் தன்னுடைய வாழ்க்கையில் எந்தப் பேப்பரில் ‘இருக்கிறது’ என்று வர வேண்டுமோ, அந்த ஒரே பேப்பரில் ‘இல்லை’ என்று வந்ததற்குச் சந்தோஷப்பட்டு, தன் கையாலேயே பெண்டாட்டிக்கு அனுப்பிவைத்திருக்கிறார். அவள் பி.காம் படித்தவள். படித்துப் பார்த்தாள். அன்றைக்கே நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காருறாங்க. அவரோட வாழ வேண்டா, தீத்துக்கிட்டு வந்துடுங்கறாரு எங்கண்ணன். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியோணுமுங்க. சும்மா ஒரு மனுசன் மேல பழி போடக் கூடாதுல்லீங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பதற்குப் பதிலாக வாய் முந்திக்கொண்டது. “ஸ்லைடுல என்ன தெரிஞ்சுதோ அதைத்தான் எழுதுவோம். மத்ததை டாக்டரைக் கேளுங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை கீழே இறங்கி, தன்னையறியாமல் இடுப்பில் புடவைக் கொசுவத்துக்கு மேலே பரபரவென்று சொறிந்தது.

பதினெட்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது வேறெதுவோ இல்லையோ, சொறிகிற கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேர்க்குருவுக்கு விரல் நுனி போதும். இது நகம் போட்டுச் சொறிகிற சொறி.

“உங்களுக்கு இடுப்புல என்ன?”

“அதுங்களா, அது சூடுங்க. பாவாட நாடா அழுத்துறது. வெயிலுக்கு எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க.”

“திரைக்குப் பின்னால வாங்க. காட்டுங்க.”

பெண்ணுக்குப் பெண் என்பதால் தயங்காமல் காட்டினாள். நாடா கட்டுகிற இடத்தைச் சுற்றி, ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டமாக, ஓரமெல்லாம் சிவந்து தடித்துச் செதில் விட்டு ஓடியிருந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம்.

“என்ன தடவுறீங்க?”

“மெடிக்கல்ல ஒரு டியூப்பு குடுத்தாங்க. தடவுனா நாலு நாளைக்கு அடங்கும், மறுபடியும் வரும். அது அவரு ஊட்டுலயே இருக்குது. எடுத்துட்டு வரலீங்க.”

“காலையில குளிச்சீங்களா?”

அவள் கூசிப்போனாள். “விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸு ஏறிட்டேனுங்க. குளிக்கலீங்க.”

என் வாழ்க்கையில் ஒருவர் குளிக்கவில்லை என்று சொன்னதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பிளேடை எடுத்து ஓரத்தில் சுரண்டினேன். தவிடு மாதிரிக் கொட்டியது. சொட்டு விட்டு வைத்தேன். கால் மணி நேரம் நான் உட்கார்ந்தும் அவள் நின்றும் காத்திருந்தோம். பிறகு பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கணுக்கணுவாக, கிளை கிளையாக, கண்ணாடி முழுக்க ஓடிக் கிடந்தது.

“நீங்களே பாருங்க” என்று அவளை மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள்.

“அந்து போன நூலாட்டம் சிக்கிக் கெடக்குதுங்களே” என்றாள்.

“அதுதான் பூஞ்சை. வெறும் படை. உங்க வீட்டுக்காரருக்கும் இதுவாத்தான் இருக்கும்.”

“நீங்க இல்லீன்னு எழுதியிருக்கீங்களே?”

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். “நான் சரியாப் பார்க்கலை. அவர் குளிச்சிட்டு வந்திருந்தார், என்ன தடவினீங்கன்னு நான் கேட்கலை. முக்கியமான இடத்தைக் காட்டலை, நான் காட்டச் சொல்லலை. எனக்குத் தெரியலைன்னுதான் அந்தப் பேப்பர் சொல்லுது. அவருக்கு இல்லைன்னு சொல்லலை.” ஒரு பேஷண்டிடம் என் தப்பை நான் இப்படி ஒப்புக்கொண்டது அதற்கு முன்னால் கிடையாது.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. உடனே மறுபடியும் இறுகியது. “அப்ப எனக்கு அவருகிட்ட இருந்துதானுங்களே வந்திருக்கும்? அவருக்கு எங்கிருந்து வந்துச்சு?”

“யாருக்கு யார்கிட்ட இருந்து வந்ததுன்னு ஸ்லைடுல எழுதியிருக்காது. துண்டுல வரும், பாய்ல வரும், பஸ் சீட்ல வரும், கன்னுக்குட்டியைத் தொட்டா வரும்” என்று சொல்லிக்கொண்டே ரெஜிஸ்டரைத் திறந்தேன். டாக்டருக்கு எழுதுவதற்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். “உங்களுக்கு எப்பலேர்ந்து இருக்கு?”

“போன பொரட்டாசியில இருந்துங்க.”

எழுதிக்கொண்டேன். “அவருக்கு?”

“பங்குனியி…”

பாதியில் நின்றுவிட்டாள். நானும் பேனாவை நிறுத்தினேன். இரண்டு மாதப் பெயரும் அவள் வாயிலிருந்தேதான் வந்தன. நடுவில் அரை வருஷம் இருந்தது. அதுவரை நின்றுகொண்டே இருந்தவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எங்கூட்டுல ஒரே துண்டுதானுங்க ரெண்டு பேத்துக்கும்” என்றாள். “லோடு எறக்கிட்டு வந்தாருன்னா, கொடியில கெடக்கற என்னோட துண்டத்தான் எடுத்துத் தொடைப்பாரு. ஈரத்துணியத் தொடாதீங்க மாமான்னு நாந்தான் சத்தம் போடுவேன்.”

அவள் கெட்டவள் இல்லை. அன்றும் அப்படி நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஒரே வட்டம், ஒரே சிவப்பு, ஒரே அரிப்பு. அவள் இடுப்பில் இருந்தபோது அது சூடு. அவர் இடுப்பில் இருந்தபோது அது சீக்கு. தன் உடம்பில் வருவதற்கு வெயிலையும் நாடாவையும் காரணம் சொல்கிறோம். அடுத்தவர் உடம்பில் வந்தால் அவர் போய் வந்த இடத்தைத் தேடுகிறோம். நானும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தானே செய்தேன். எனக்குப் படிப்பு வேறு இருந்தது.

டாக்டர் வந்ததும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பழைய சீட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நானும் உங்க பேப்பரைப் பார்த்தேனே ஒழிய மறுபடியும் ஆளைப் பார்க்கலையேம்மா. அவரை வரச் சொல்லுங்க” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்கு மாத்திரையும் வேறு கிரீமும் எழுதினார். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல்கடை வரைக்கும் தடவ வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது, துணியைச் சுடுதண்ணீரில் அலசி உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் போட வேண்டும், ஆளுக்கொரு துண்டு, குழந்தையையும் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவளை நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

புருஷனிடம் அவள் பேசுவதில்லை. அதனால் ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். “சனிக்கிழமை வாங்க. குளிக்காம வாங்க. பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. அந்த ஆயின்மெண்டைத் தொடாதீங்க” என்றேன்.

“அது தீந்து ஒரு வாரமாச்சுங்க மேடம். ஆனா குளிக்காம எப்படிங்க வர்றது?”

“அதெல்லாம் வரலாம்.”

சனிக்கிழமை வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “ரெண்டு நாளாக் குளிக்கலீங்க மேடம். வண்டியில இருந்து நேரா வாரேன். தப்பா நெனச்சுக்காதீங்க.” மூன்று வாரத்தில் ஆளே சுருங்கியிருந்தார். நெற்றியில் திருநீறு மட்டும் அப்படியே இருந்தது. கம்பவுண்டரைக் கூட நிற்க வைத்துக்கொண்டு திரையை இழுத்தேன். “இந்தச் சீட்டுல எழுதியிருக்கற எடமெல்லாம் எனக்குத் தெரியணும்” என்றேன். வாய் வந்துவிட்டது. இதற்கு மூன்று வாரமும் ஒரு குடும்பமும் தேவைப்பட்டிருக்கிறது எனக்கு.

என் பேப்பரால் வந்த ஆயின்மெண்ட் தன் வேலையைச் செய்திருந்தது. தொடையெல்லாம் இறங்கி, வயிற்றுப்பக்கம் ஏறியிருந்தது. மனுஷர் இந்த அரிப்போடு எப்படித்தான் வண்டி ஓட்டினாரோ. ஸ்லைடில் அதே அறுந்த நூல்தான், இன்னும் அடர்த்தியாக. ரிப்போர்ட்டை அடித்துக் கையில் கொடுத்தபோது பயந்துபோனார்.

“பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே மேடம்?”

“சந்தோஷமா வாங்கிக்குங்க. நீங்க சொன்ன மாதிரி வெறும் படைதான்.”

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் மனைவி வந்துபோனதையோ, அவளுக்குப் புரட்டாசியிலிருந்து இருப்பதையோ நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது அவளுடைய ரிப்போர்ட், அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை, அவளையும் யாரும் கேட்கப்போவதில்லை. படை என்று தெரிந்தாயிற்று, போதும் என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கிடைத்த பதில் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டாக்டர் அவருக்கும் அதே மருந்துகளை எழுதிவிட்டு, கடைசியாக, “இடுப்புக் கயித்தை எடுத்துடுங்க. வேர்வையில ஊறி ஊறிப் பூஞ்சை அதுலதான் குடியிருக்கு. அதை வச்சுக்கிட்டு எத்தனை மாத்திரை முழுங்கினாலும் திரும்பத் திரும்ப வரும்” என்றார்.

அவர் கை சட்டென்று இடுப்புக்குப் போயிற்று. “அரணாக்கயித்த அறுக்கறதுங்களா? உசுரோட இருக்கறவனுக்கா?”

டாக்டர் வெளியூர்க்காரர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நாளும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. நைந்துபோனால்கூடப் புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். ஒரேயடியாக அறுப்பது ஆள் போன பிறகு, சுடுகாட்டில். அதைச் சொல்லி விளக்கினேன். “ஒரு ரெண்டு மாசத்துக்காவது வேண்டாம்” என்றார் டாக்டர் விடாமல்.

“எங்கம்மா ஒத்துக்காதுங்க” என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் என் நினைப்பு அந்தப் பஞ்சாயத்திலேயே இருந்தது. என்னமோ என் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி மனசு அடித்துக்கொண்டது. என் மேசையில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, எங்கேயோ ஒரு வீட்டில் இருபது பேர் பாய் போட்டு உட்கார்ந்து பேசுகிற அளவுக்குப் போய்விட்டதே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. என்ன ஆயிற்று என்று போன் போட்டுக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் மூன்று பேருமாக வந்தார்கள். குழந்தை அப்பாவின் தோளில் இருந்தது. அவர் டாக்டர் அறை முன்னால் வரிசையில் உட்கார, அவள் என்னிடம் வந்தாள். குளிக்காமல் வந்திருந்தாள், அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். தோல் நன்றாகவே ஆறியிருந்தது, கறுத்த தடம் மட்டும் மிச்சம். ஆனாலும் சுரண்டி, சொட்டு விட்டு வைத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் சொன்னாள்.

“அவரு புது ரிப்போர்ட்டை எடுத்து வச்சாருங்க. எல்லாருஞ் சரின்னுட்டாங்க. அத்தோட முடிஞ்சிருக்குமுங்க. எனக்குத்தான் பொறுக்கல. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு, என்னாலதான் அவருக்கு ஒட்டுச்சுன்னு அத்தன பேருக்கு முன்னாடி சொல்லிப்போட்டேன்.”

“அப்புறம்?”

“எங்க மாமியா கேட்டாங்க. ‘அப்ப உனக்கு எவங்கிட்ட இருந்து வந்துச்சு?’ன்னு.”

நான் ஸ்டூலை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அவங்களக் குத்தஞ் சொல்ல முடியாதுங்க. நான் அவருகிட்டக் கேட்ட அதே கேள்விதானுங்களே” என்றாள். “எங்கண்ணன்கூட என்னையத்தான் பாக்கறாரு. அப்பத்தான் அவரு எந்திரிச்சாருங்க. வெத்தலத் தட்டுல இருந்த பாக்குவெட்டிய எடுத்து, சட்டையத் தூக்கி, அரணாக்கயித்த அறுத்து நடுவூட்டுல போட்டாரு. எங்க மாமியா ஐயோ சாமின்னு கத்திப்போட்டாங்க. ‘இதுலதான் இருந்துச்சு, இத்தோட போச்சு. இனி ஒருத்தரும் அவளக் கேக்கக் கூடாது’ன்னாருங்க. அவ்வளவுதான். எந்திரிச்சு வந்துட்டோம்.”

ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை விடாமல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு முன்னால், எப்போது குளித்தாள், என்ன தடவினாள், எங்கெங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை கேட்டேன். கேட்கக் கூடாத ஒன்றையும் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

“அப்புறம் தனியா இருக்கும்போதாவது அவர் அந்தக் கேள்வியை உங்களைக் கேட்டாரா?”

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அவர் குழந்தைக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வரைக்கும் கேக்கலீங்க” என்றாள். “ஒருக்காக் கேட்டுப்போட்டாருன்னா எனக்குத் தேவலையா இருக்குமுங்க.”